சரவிளக்குக்கு எல்.ஈ.டி. பல்ப்: வன்னி வீடுகளுக்குப் பார்த்து வாங்கும் முறை

ஆறு கைச் சரவிளக்கில் ஒரு வருடத்துக்குள் இரண்டு பல்ப் போய்விடும். மாற்றிப் போட்ட ஒன்று வெள்ளையாக எரிய, மற்றவை மஞ்சளாக எரியும். இன்னொன்று விட்டுவிட்டு மினுங்கும். பெட்டியிலோ 15,000 மணித்தியாலம் என்று போட்டிருக்கும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரித்தால் அது எட்டு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அப்படியிருந்தும் ஏன் இந்தப் பாடு?

எல்.ஈ.டி. சில்லு, அதாவது ஒளி தரும் சின்னத் துண்டு, பழுதாவது குறைவு. அதற்குக் கரண்டை அளந்து கொடுக்கிற சின்னச் சுற்று ஒன்று பல்ப்பின் கழுத்துக்குள் இருக்கிறது, ட்ரைவர் என்பார்கள். முதலில் சாவது அதுதான். அதைச் சாகடிப்பது ஏறி இறங்கும் வோல்ட்டேஜும் சூடும். வன்னியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே வாட்டையும் விலையையும் பார்ப்பதோடு நிற்காமல், ட்ரைவர் எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்து வாங்குவதுதான் இதில் முக்கியமான வேலை.

முதலில் ஹோல்டர்

மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஒரு பல்ப்பைக் கழற்றி, அதன் உலோக அடியின் குறுக்களவை அடிமட்டத்தால் பாருங்கள். திருகு 14 மில்லிமீற்றர் என்றால் ஈ14; சரவிளக்குகளில் கூடுதலாக வருவது இது. 27 மில்லிமீற்றர் என்றால் ஈ27, பெரிய திருகு. அழுத்தித் திருப்பிப் பூட்டுவது பி22, எங்கள் வீடுகளில் பழகிய பின் பல்ப். கிறிஸ்டல் சொட்டுகள் நெருக்கமாகத் தொங்கும் விளக்குகளில் இரண்டு கம்பி வளையம் உள்ள ஜி9 இருக்கும். லண்டனில் இருந்து வந்த பழைய விளக்கு என்றால் பி15 என்ற சின்னப் பின்னாகவும் இருக்கலாம்.

கனடாவில் இருந்து உறவினர் அனுப்பிய சரவிளக்கு என்றால் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. கூடவே வரும் பல்ப் 120 வோல்ட்டுக்கானது. இங்கே ஒரு முறை போட்டாலே வெடித்துப் புகைந்துவிடும். சோதித்துப் பார்க்கவும் போட வேண்டாம். ஹோல்டர் பெரும்பாலும் ஈ12. ஈ14 பல்ப் அதற்குள் இறங்காது. அடாப்டர் போட்டால் பல்ப் கிண்ணத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அழகும் போகும். ஹோல்டரில் 125 வோல்ட் என்று அடித்திருந்தால் அடாப்டர் அதை 230க்கு ஏற்றதாக மாற்றாது. எல்லா ஹோல்டரையும் கழற்றி 250 வோல்ட்டுக்கான ஈ14 ஹோல்டராக மாற்றுவதுதான் சரியான வழி. வயரையும் அப்போதே பாருங்கள், காப்புறை வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

வயர் நிறத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கனடாவில் கறுப்பு வயர்தான் லைவ், அதாவது கரண்ட் வரும் வயர்; வெள்ளை நியூட்ரல், கரண்ட் திரும்பும் வயர். எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல்; புதியதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். ‘கறுப்புக்குக் கறுப்பு’ என்று முறுக்கிவிட்டால் ஹோல்டரின் வெளித்திருகில் லைவ் வந்து நிற்கும். பல்ப் எரியும், பிழை ஒன்றும் தெரியாது. ஆனால் பல்ப் மாற்றும்போது விரல் திருகில் பட்டால் அடிக்கும். நடுமுனைக்கு லைவ், வெளித்திருகுக்கு நியூட்ரல் என்பதுதான் விதி. இரண்டு வயர் ஒட்டிய தட்டை வயராக இருந்தால் மேலே வரி ஓடும் பக்கம் நியூட்ரல். பச்சை வயரோ வெறும் செம்புக் கம்பியோ வந்தால் அது எர்த். உலோகச் சரவிளக்குக்கு அதைக் கட்டாயம் இணைக்க வேண்டும். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸில் இருந்து வருபவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 230 வோல்ட், ஹோல்டர் ஈ14 அல்லது ஈ27.

ஹோல்டர் தெரிந்த பிறகு பல்ப்பின் உருவத்தையும் அளந்துகொள்ளுங்கள். மெழுகுதிரி வடிவப் பல்ப்பைச் சி35, சி37 என்று எழுதுவார்கள். வயிற்றின் அகலம் 35, 37 மில்லிமீற்றர், உயரம் 10 சென்ரிமீற்றர் அளவு. குண்டு வடிவம் ஜி45. மலிவுப் பல்ப் சிலதில் திருகுக்கு மேலே பிளாஸ்டிக் கழுத்து தடித்திருக்கும். சரவிளக்கின் கிண்ணத்தில் அந்தக் கழுத்து இடித்து, திருகு கடைசிவரை இறங்காமல் நின்றுவிடும். பாதித் தொடுகையில் எரிந்து மினுங்கிச் சூடாகி, கடைசியில் ஹோல்டரும் கருகும்.

எவ்வளவு வெளிச்சம்

வாட் என்பது பல்ப் தின்னும் கரண்டின் கணக்கு. தருகிற வெளிச்சத்தைச் சொல்வது லூமன். பழைய 40 வாட் இழைப் பல்ப்புக்கு ஈடு 470 லூமன், 25 வாட்டுக்கு 250, 60 வாட்டுக்கு 800. நல்ல எல்.ஈ.டி. 470 லூமனை நாலு அல்லது ஐந்து வாட்டில் தந்துவிடும். ஐந்து வாட் என்று எழுதி 300 லூமன் போட்டிருந்தால் அது மட்டமான சில்லு. லூமனே எழுதாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளைச் சுவர் உள்ள ஹோலுக்குச் சதுர அடிக்கு 15 லூமனும், பூசாத சீமெந்துச் சுவர் அல்லது கடும் நிறச் சுவருக்கு 20 லூமனும் வைத்துக் கணக்குப் போடலாம். 14 அடிக்கு 12 அடி ஹோல் 168 சதுர அடி. நடுவாக 18 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 லூமன். ஆறு கை விளக்கென்றால் கைக்கு 500. 470 லூமன் பல்ப் ஆறு போதும். அதே ஹோலில் பன்னிரண்டு கை விளக்கென்றால் 250 லூமனே காணும். அங்கே 470 போட்டால் கீழே இருந்து கதைக்கிறவர்களுக்குக் கண் கூசும். சீலிங் அடிக்காமல் ஓட்டு முகடு திறந்திருக்கும் வீட்டில், மேல் நோக்கிய பல்ப்பின் வெளிச்சத்தில் ஒரு பங்கு முகட்டுக்குள் போய்விடும், கால்வாசி கூட்டிக்கொள்ளுங்கள்.

யூனிட் கணக்கையும் சொல்லிவிடலாம். 40 வாட் இழைப் பல்ப் ஆறு, நாளுக்கு ஐந்து மணித்தியாலம், மாதம் 36 யூனிட். அதே இடத்தில் ஐந்து வாட் எல்.ஈ.டி. ஆறு, 4.5 யூனிட்.

நிறம்

ஒளியின் நிறத்தைப் பெட்டியில் கெல்வின் என்ற அளவில் எழுதுவார்கள். கடைகளில் முன்னுக்கு நிற்பது 6,500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை. குசினிக்கும் படிக்கிற மேசைக்கும் அது சரி. சரவிளக்குக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பித்தளை நிறம் செத்துவிடும், கிறிஸ்டல் கண்ணாடித் துண்டு மாதிரித் தெரியும், ஆட்களின் முகம் வெளிறும். மஞ்சள் கலந்த 2,700 அல்லது 3,000 கெல்வின் எடுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. பூச்சிகளை இழுப்பது கூடுதலாக நீல ஒளிதான். மழை விட்டதும் ஈசலும், வயல் பக்க வீடுகளில் பச்சைத் தத்தியும் வந்து மொய்க்கும் நாட்களில், மஞ்சள் ஒளி விளக்கின் கீழே காலையில் கூட்டி அள்ளும் இறகு குறைவாக இருக்கும்.

பல்ப்பின் ஒளி பொருட்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் எண் சி.ஆர்.ஐ.; சில பெட்டிகளில் ஆர்.ஏ. என்று இருக்கும். 80க்குக் குறைந்ததைத் தொட வேண்டாம். ஹோலில் சுவாமி படமோ கலியாணப் படமோ மாட்டியிருந்தால் 90 வாங்குங்கள், விலை வித்தியாசம் தகும். கடைக்குப் போகும்போது சிவப்புக் கரை வைத்த சேலைத் துண்டு ஒன்று கொண்டுபோய்ப் பல்ப்பின் கீழே பிடித்துப் பாருங்கள். மட்டமான பல்ப்பில் அந்தச் சிவப்பு மண்ணிறமாக மங்கும், குங்குமம் காய்ந்த மாதிரி. உள்ளங்கையைப் பிடித்தாலும் தெரியும். இரத்தமில்லாத கை போல இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

கிறிஸ்டல் விளக்குக்குத் தெளிந்த கண்ணாடியில் இழை வடிவ எல்.ஈ.டி. உள்ள பல்ப்தான் பொருத்தம். ஒளி புள்ளியாகப் புறப்பட்டால்தான் கிறிஸ்டல் மினுங்கும். பால் நிறப் பல்ப் போட்டால் அந்த மினுக்கம் போய்விடும். கிறிஸ்டல் இல்லாத, பல்ப் வெளியே தெரியும் கை விளக்குக்குப் பால் நிறம் நல்லது. இந்த இழை வடிவ எல்.ஈ.டி. பல்ப்பில் ஒரு எச்சரிக்கை: உள்ளே ஹீலியம் போன்ற வாயு அடைத்திருக்கிறார்கள், இழையின் சூட்டைக் கண்ணாடிக்குக் கடத்துவது அதுதான். கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வாயு கசிந்து இழை வெந்துவிடும். பல்ப்பைக் கழுத்தில் பிடித்துத் திருகுங்கள், கண்ணாடியில் பிடித்து முறுக்கக் கூடாது.

வோல்ட்டேஜ்

மின்சார சபை தர வேண்டியது 230 வோல்ட், கூடக் குறைய 6 வீதம்; அதாவது 216 முதல் 244 வரை. ட்ரான்ஸ்போமரில் இருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் அது இறங்கும். தோட்டத்து நீர்ப் பம்பிகளும் அரிசி ஆலையும் ஓடும் நேரத்தில் விளக்கு மங்குவதைக் கண்ணாலே பார்க்கலாம். ஒரு மல்ரிமீற்றரால் மாலை ஏழு மணிக்கும், ஊர் அடங்கிய பிறகும் அளந்து எழுதுங்கள். மூன்று நாள் போதும். இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாற மாட்டார்.

பெட்டியில் 220-240 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ட்ரைவர் ஒடுங்கிய எல்லைக்குள் வேலை செய்வது. 170-265 அல்லது 100-265 என்று இருந்தால் அகன்ற எல்லை ட்ரைவர். வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினாலும் வெளிச்சம் மாறாது. உங்கள் வீட்டு அளவு 210க்குக் கீழே போனால் இரண்டாவது வகையைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம்.

உள்ளே மூன்று விதமான சுற்று இருக்கலாம். ஆக மலிவானதில் கப்பாசிற்றர் என்ற, மின்னைத் தேக்கி விடும் சின்ன உறுப்பை வைத்துக் கரண்டைக் குறைத்திருப்பார்கள். லைனில் அடி வந்தால் அது நேராகச் சில்லுக்குப் போகும். பற்றரியில் ஓடும் சாதாரண இன்வேர்ட்டரில் சதுர அலைக் கரண்ட் வரும்போது இந்தக் கப்பாசிற்றர் திடீர் திடீரென்று கூடிய கரண்டை இழுத்துச் சூடாகிப் போய்விடும். இரண்டாவது வகையில் ஒரு சின்ன ஐ.சி. இருக்கும், கூடின வோல்ட்டேஜை அது சூடாக்கித் தள்ளும், குறைந்தால் பல்ப் மங்கும். மூன்றாவதுதான் ஃபெரைட் கருவில் சுற்றிய கம்பிச் சுருளோடு வரும் சுவிட்சிங் ட்ரைவர். அகன்ற எல்லை தருவது அது. ஒரே வாட், ஒரே உருவம் உள்ள இரண்டு பல்ப்பைக் கையில் ஏந்தினால், சுருள் உள்ளது கொஞ்சம் பாரமாக இருக்கும். பவர் பக்டர், அதாவது இழுக்கிற கரண்டில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்ற எண், 0.5 என்று எழுதியிருந்தால் அதற்காக ஒதுக்க வேண்டாம். இந்தச் சின்ன வாட்டில் நல்ல பல்ப்பும் அப்படித்தான் இருக்கும். வீட்டு மீற்றர் கணக்கில் அது ஏறாது.

ஐப்பசி, கார்த்திகை இடியிலும் சித்திரை மாலை இடியிலும் லைனால் வரும் அடி வேறு கதை. 2.5 அல்லது 4 கிலோவோல்ட் சேர்ஜ் (surge, திடீர் மின் அடி) பாதுகாப்பு என்று எழுதிய பல்ப் கிடைத்தால் எடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மெயின் போர்ட்டில் அந்த அடியை நிலத்துக்குத் திருப்பும் சேர்ஜ் அரெஸ்ரர் ஒன்றும் ஒழுங்கான எர்த் கம்பியும் வேண்டும். எர்த் இல்லாத அரெஸ்ரர் அலங்காரப் பொருள்தான். கரண்ட் போனால் சரவிளக்கின் சுவிட்சை நிறுத்தி வையுங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கலியாண வீட்டுக்கு ஜெனரேற்றர் பிடித்தால், மீற்றர் வைத்து அளக்காமல் அதில் சரவிளக்கை எரிக்க வேண்டாம். கூடிய வோல்ட்டேஜில் ஓடினால் ஒரே இரவில் எல்லாப் பல்ப்பும் போகும்.

ஜெனரேற்றர் இல்லாமலே ஒரே இரவில் எல்லாப் பல்ப்பும் போனால், அல்லது ஒரு அறையில் பல்ப் பளிச்சென்று எரிய ஃபானின் சத்தம் மாறினால், பல்ப்பில் பிழை தேட வேண்டாம். லைனின் நியூட்ரல் கழன்றிருக்கலாம். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு பேஸ் வீட்டுக்கு 230க்கு மிகக் கூடின வோல்ட்டேஜ் வரும், 400ஐயும் நெருங்கலாம். உடனே மெயினை நிறுத்தி மின்சார சபைக்கு அறிவியுங்கள். அடிக்கடி இப்படி நடக்கும் இடத்தில், வோல்ட்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானாக வெட்டும் ரிலே ஒன்றை மெயின் போர்ட்டில் பூட்டுவது, பல்ப்பை மட்டுமல்லாமல் பிரிட்ஜையும் ரிவியையும் காப்பாற்றும்.

சூடு

ட்ரைவருக்குள் இருக்கும் எலெக்ட்ரோலைற்றிக் கப்பாசிற்றரின் ஆயுள், சூடு 10 பாகை கூடும்போது பாதியாகக் குறையும். தகரம் அல்லது அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழே, சீலிங்குக்குப் பக்கத்தில் பகல் பிடித்த சூடு இரவு வரை நிற்கும். பல்ப் தலைகீழாகத் தொங்கினால் தன் சூடும் மேலேறி ட்ரைவரிலேயே தங்கும். அதனால் பல்ப் மேல் நோக்கி நிற்கும் கை விளக்கு, கீழ் நோக்கிய மூடிய கிண்ணத்தை விடப் பல்ப்புக்கு நல்லது. கீழ் நோக்கியதுதான் உங்களிடம் இருக்கிறது என்றால் நாலு வாட்டுக்கு மேல் போக வேண்டாம். மூடிய விளக்கினுள் பாவிக்கக் கூடாது என்று பெட்டியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதையும் தேடி வாசியுங்கள்.

கடையில் செய்து பார்க்க வேண்டியது

சோதிக்கிற ஹோல்டரில் பூட்டி எரிய விடச் சொல்லுங்கள். போன் கமராவைப் பக்கத்தில் பிடியுங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் தடிப்பாக ஓடினால் பல்ப் செக்கனுக்கு நூறு முறை அணைந்து எரிகிறது. போன் கமரா சிலது அந்தக் கோட்டைத் தானாகவே மறைத்துவிடும். அதற்கு ஒரு ஈர்க்கு போதும். பல்ப்பின் கீழே ஈர்க்கை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். நல்ல பல்ப்பில் அது ஒரே மங்கலான பட்டையாகத் தெரியும். மினுங்கும் பல்ப்பில் பத்துப் பன்னிரண்டு ஈர்க்கு தனித்தனியாக நிற்பது போலத் தெரியும். அந்தப் பல்ப்பின் கீழே இருந்து வாசித்தால் தலையிடிக்கும்.

கழற்றிக் காதோரம் வைத்து மெல்ல ஆட்டுங்கள்; உள்ளே எதுவும் கிலுங்கக் கூடாது. எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தரக் குறி, அல்லது ஐ.ஈ.சி. 62560 என்ற பாதுகாப்புத் தரத்தின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் பெட்டியில் மட்டும் இருந்து பல்ப்பின் கழுத்தில் வோல்ட், வாட், கொம்பனிப் பெயர் எதுவும் அடித்திராவிட்டால் சந்தேகப்படுங்கள். உத்தரவாதம் இரண்டு வருடம் என்றால் பற்றுச்சீட்டில் திகதியோடு எழுதி வாங்குங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வாங்கி முல்லைத்தீவுக்குக் கொண்டுபோகிறவர்கள், மாற்றித் தருவது அந்தக் கடையா கொழும்பில் உள்ள முகவரா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கி ஒரு கிழமை எரித்துப் பாருங்கள். பிடித்தால் மிச்சத்தை ஒரே தடவையில், ஒரே தொகுதி எண்ணில், அதாவது ஒன்றாகத் தயாரித்தவையாக வாங்குங்கள். 3,000 கெல்வின் என்று எழுதிய இரண்டு தொகுதிகள் பக்கத்தில் பக்கத்தில் எரியும்போது ஒன்று இளம் பச்சையாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரிவது உண்டு. தனியாக எரிந்தால் தெரியாது, சரவிளக்கில் உடனே தெரியும். ஆறு கைக்கு எட்டு வாங்குங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால், டிம்மரோடு பாவிக்கலாம் என்று எழுதிய பல்ப் மட்டுமே. டிம்மரின் ஆகக் குறைந்த சுமையையும் பாருங்கள். பழைய டிம்மருக்கு 40, 60 வாட் வேண்டும், உங்கள் ஆறு பல்ப்பும் சேர்ந்தே 30 வாட்தான், அதனால் மினுங்கும். ஃபான் ரெகுலேற்றரில் ஒருபோதும் இணைக்க வேண்டாம். பல்ப் மாற்ற முடியாதபடி எல்.ஈ.டி. பதித்த வளைய விளக்குகளை வன்னிக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். சுவிட்சைப் போட்டு எடுக்க நிறம் மாறும் வகை, கரண்ட் ஒரு கணம் வெட்டி வந்தாலே நிறம் மாறி நிற்கும். ட்ரைவர் போனால் அதே மில்லியம்பியரும் அதே வோல்ட் எல்லையும் உள்ள ட்ரைவரைத் தேடி அலைய வேண்டும்.

பூட்டிய பிறகு

ஒரு பல்ப் மட்டும் மினுங்கினால் பக்கத்துப் பல்ப்போடு இடம் மாற்றிப் பாருங்கள். மினுக்கம் பல்ப்போடு போனால் பல்ப் பழுது. அதே இடத்தில் நின்றால் ஹோல்டர். ஹோல்டரின் அடியில் நாக்குப் போல ஒரு பித்தளைத் தகடு இருக்கும். இறுக்கித் திருகித் திருகி அது கீழே படிந்துபோயிருக்கும். மெயினை நிறுத்தி, ரெஸ்ரரால் கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகு, காய்ந்த மரக்குச்சியால் அந்த நாக்கை இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே நெம்பி விடுங்கள். கறுத்திருந்தால் மெல்லிய மண்தாளால் தேய்த்துவிட்டுப் பூட்டுங்கள். பல்ப் அடியில் தொட்ட பிறகு கால்சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டாம்.

சுவிட்சை நிறுத்தியும் பல்ப் மங்கலாக ஒளிர்ந்தால் இரண்டு காரணம் பார்க்கலாம். சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருந்தால் அதனூடாகக் கசியும் கரண்ட் போதும் எல்.ஈ.டி.யை மினுக்க, அந்த விளக்கில்லாத சுவிட்சாக மாற்றுங்கள். இல்லையென்றால் சுவிட்ச் லைவை வெட்டாமல் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கலாம். இது ஆபத்து. பல்ப் அணைந்திருந்தும் ஹோல்டரில் லைவ் நிற்கும். மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுத் திருத்துங்கள்.

முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் உப்புக் காற்று திருகுகளை அரிக்கும். அலுமினிய அடி உள்ள பல்ப் பித்தளை ஹோல்டரில் பிடித்துக்கொண்டு கழறாது. நிக்கல் பூசிய பித்தளை அடி உள்ளதை எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். உள்ளூரில் கிரவல் வீதிப் புழுதிதான் தொல்லை. பல்ப்பில் படியும் புழுதி வெளிச்சத்தையும் குறைக்கும், சூட்டையும் அடைக்கும். ஈரத்துணி வேண்டாம், அணைத்து ஆறவிட்டுத் துடையுங்கள்.

மேலதிகமாக வாங்கிய இரண்டு பல்ப்பின் பெட்டியிலும் வாங்கிய திகதியை எழுதி வையுங்கள். அவையும் தீர்ந்து வேறு தொகுதிப் பல்ப் ஒன்றைப் போடும் நிலை வந்தால், உட்சுவர்ப் பக்கத்துக் கையில் இருக்கும் பழைய பல்ப்பைக் கழற்றி வெற்றிடத்தில் பூட்டி, புதியதை அந்த உட்சுவர்ப் பக்கத்துக் கையில் போடுங்கள்; நிற வித்தியாசம் வாசலில் இருந்து கண்ணில் படாது. இரண்டு புதியவை என்றால் எதிரெதிர்க் கைகளில்.